சனிக்கிழமை வேண்டாம்

நாயின் சாவுக்கு நல்ல நாள் பார்த்த வீடு எங்கள் வீடு. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது. எரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

புனேவின் கோர்படியில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், மூன்றாவது மாடியில் நானும் என் கணவரும் இருக்கிறோம். அவர் ராணுவக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இத்தனை வருடத்தில் எங்கள் பேச்சு மாறியது, சாப்பாடு மாறியது, காலையில் அவல் போஹா தின்னப் பழகினோம். மாறாதது அவருடைய தினசரி காலண்டர் ஒன்றுதான். வருடா வருடம் ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது சொல்லி வரவழைத்துவிடுவார். ராகு காலம் பார்க்காமல் காஸ் சிலிண்டர்கூட மாற்ற மாட்டார். இந்த நாய் விஷயம் வரும்வரை அது எனக்குக் கேலி செய்யக் கிடைத்த விஷயமாக மட்டுமே இருந்தது.

நாய்க்கு ஒரு பெயர் உண்டு. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கிவந்து வைத்த இங்கிலீஷ் பெயர். வீட்டில் அது யார் வாயிலும் நிற்கவில்லை. மகள் பெரியவள் என்றால் இவள் சின்னவள். அப்படியே நிலைத்துவிட்டது. வெள்ளையும் பழுப்புமாக ஒரு பொமரேனியன். முழுதாக வளர்ந்த பிறகும் ஒரு முறத்துக்குள் அடங்குவாள். பெரியவள் படித்து முடித்து, கல்யாணம் செய்துகொண்டு டொரண்டோ போய்ச் சேர்ந்தாள். சின்னவள் எங்களோடு இருந்து கிழவியானாள்.

போன மழைக்காலத்தில் இருமல் ஆரம்பித்தது. தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டதுபோல் கழுத்தை நீட்டி நீட்டி இருமுவாள். வீட்டுக்கே வந்து பார்க்கும் மராத்திக்கார டாக்டரம்மா ஒருவர் உண்டு. இதயம் வீங்கியிருக்கிறது, வால்வு தேய்ந்துவிட்டது, நுரையீரலில் நீர் கோக்கிறது என்றார். நீர் போக மாத்திரை, இதயத்துக்கு மாத்திரை, சாப்பாட்டில் உப்பே கூடாது. அன்று முதல் இட்லி மாவில் உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் எடுத்துத் தனியே வைப்பேன். அதில் குட்டி இட்லி ஊற்றி, அதற்குள் மாத்திரையைப் புதைத்துக் கொடுத்தால் விழுங்குவாள். மாத்திரையை மட்டும் துப்பிவிட்டு இட்லியைத் தின்கிற சாமர்த்தியமும் அவளுக்கு இருந்தது.

என் கணவர் அவளைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. படி இறங்க முடியாமல் போன பிறகு, காய்கறிப் பையின் அடியில் துண்டு விரித்து, அதில் அவளை உட்காரவைத்துத் தினமும் காலையில் கீழே கொண்டுபோனவர் அவர்தான். பைக்கு வெளியே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஊர்வலம் போவாள். "அங்கிள், சப்ஜி கித்னே கா?" என்று, காய் விலை கேட்பதுபோல், பக்கத்துக் கட்டடத்துப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். இதையும் சொல்லாவிட்டால் நான் சொல்வது பொய்யாகிவிடும்.

ஆனால் மாத்திரைகள் கேட்காமல் போகும் நாள் வந்தது. அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. முன்னங்கால்களை அகட்டி, உட்கார்ந்தபடியே இருப்பாள். தூக்கம் சொக்கித் தலை கவிழும். கவிழ்ந்ததும் மூச்சு அடைபட, திடுக்கிட்டு விழிப்பாள். மறுபடி சொக்கும், மறுபடி விழிப்பாள். நான் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்து, தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டால் கொஞ்ச நேரம் தூங்குவாள். கை மரத்துப்போகும். எடுக்க மனம் வராது. வீட்டு வேலையெல்லாம் ஒற்றைக் கையால் செய்யப் பழகினேன்.

டாக்டரம்மா வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கழற்றிவிட்டு, "காகூ, ஆதா புரே" என்றார். நான் அவருக்குக் காகூ, என் கணவர் காகா. இனிப் போதும் என்கிறார். பிறகு ஹிந்தியில் நிதானமாக விளக்கினார். முதலில் தூங்குவதற்கு ஓர் ஊசி. என் மடியிலேயே தூங்கிப்போவாள். நன்றாகத் தூங்கிய பிறகு இன்னோர் ஊசி. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தள்ளிப்போட்டால் ஒருநாள் நுரையீரல் முழுக்க நீர் ஏறும், அது மூழ்கிச் சாவது மாதிரி, அது அவளுக்கு வேண்டாம் என்றார். இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? நான் தலையாட்டினேன். அழுதேன், ஆனால் தலையாட்டினேன்.

என் கணவர் காலண்டரைப் பார்த்தார்.

முதலில் கணபதி. "தெருவெல்லாம் சாமி உக்காந்திருக்குது, இப்பப் போயி இந்தப் பேச்சா?" என்றார். சரி, கணபதி கரைக்கட்டும் என்று விட்டேன். கணபதி கரைந்தது, பித்ரு பட்சம் வந்தது. பெரியவர்கள் பூமிக்கு வந்திருக்கிற நேரமாம், அப்போது வீட்டில் ஓர் உயிரைப் போக்கக் கூடாதாம். "உங்க அப்பா வந்தா நாயைப் பாத்து என்னங்க சொல்லுவாரு? இப்படிக் கெடந்து தவிக்குதே, கண்ணு தெரியலையாடான்னுதானுங்க கேப்பாரு" என்றேன். பதில் இல்லை. பேச்சு முற்றினால் வாயைக் கட்டிப்போட்டதுபோல் இருந்துவிடுவது அவர் வழக்கம். அந்தக் கல்லுளிமங்கன் மௌனத்தோடு நான் முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அமாவாசை முடிந்தது. அடுத்து செவ்வாய்க்கிழமை ஆகாது என்றார். வெள்ளிக்கிழமை கூடவே கூடாது, லட்சுமி போய்விடும் என்றார். வாரத்தில் அவர் சாவுக்கு ஒதுக்கித் தந்த கிழமை ஒன்றுகூட இல்லை.

இந்தப் பக்கம் இவர் என்றால் அந்தப் பக்கம் பெரியவள். வீடியோ காலில் வந்து உட்கார்ந்துகொள்வாள். தமிழ் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் எனக்குப் புத்தி சொல்வதற்கு மட்டும் தடையே இருக்காது.

"அம்மா, கிவ் அப் பண்ணாதம்மா. அவ கண்ணப் பாரு. அவ இன்னும் இருக்கணும்னு நினைக்கிறா."

"கண்ணுல புரைடி. பாலாட்டம் வெளுத்துக் கெடக்குது. அவளுக்கு உன் மொகமும் தெரியல, என் மொகமும் தெரியல."

"நான் டிசம்பர்ல வரேன்ல? அதுவரைக்கும் வெயிட் பண்ணக்கூடாதா?"

"அதை எங்கிட்டக் கேக்காத. அவ மூச்சுகிட்டக் கேளு" என்று போனைச் சின்னவளின் விலா அருகில் பிடித்தேன். அந்தக் கரகரப்பைக் கொஞ்ச நேரம் கேட்டவள் அழுதுகொண்டே வைத்துவிட்டாள். வைத்துவிடலாம். டொரண்டோவில் இருந்தால் ஒரு பொத்தானில் வைத்துவிடலாம். எனக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை.

எல்லோரும் பாசத்தால்தான் பேசினார்கள். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. மேல்மாடி அம்மாள் கங்கா ஜலம் கொண்டுவந்து கொடுத்தார். என் நாத்தனார் ஊரிலிருந்து போன் செய்து, வாயில்லா ஜீவனைக் கொன்றால் ஏழு ஜென்மத்துக்கும் பாவம் என்றார். அதே நாத்தனார் வீட்டில் ஞாயிறு தவறாமல் கோழி அடிப்பார்கள். வாயில்லா ஜீவன் என்று அன்றைக்கு ஞாபகம் வராது போலிருக்கிறது. மூச்சு வாங்கியவள் ஒருத்தி. அவளைப் பற்றி முடிவு சொன்னவர்கள் எல்லோரும் நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் நானே டாக்டரம்மாவிடம் பேசி நாள் குறித்தேன். சனிக்கிழமை காலை. அன்று மதியம் அவர் நாசிக்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறார். திரும்பி வர நாலைந்து நாளாகும். கிளம்புவதற்குள் முடித்துவிடலாம் என்றார். வீட்டில் சொன்னேன்.

"சனிக்கிழமை வேண்டாம்" என்றார் என் கணவர்.

அவர் ஏன் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை ஓர் உயிர் போனால் அதே வீட்டிலிருந்து இன்னோர் உயிரையும் கூட்டிக்கொள்ளும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அதற்காகப் பாடையின் ஓரத்தில் உயிரோடு ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள். கோழிக்கு மனம் வராதவர்கள் தேங்காய் வைப்பார்கள். இன்னோர் உயிருக்குப் பதில் அது போய்விடும் என்று கணக்கு. சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன்.

"அது மனுசனுக்குங்க. இது நாயி."

"இந்த ஊட்ல அது நாயா?" என்று திருப்பிக் கேட்டார். ஆனால் நான் விடுவதாக இல்லை. சனிக்கிழமைதான், காலையில்தான், நீங்கள் பார்க்க முடியாவிட்டால் கீழே போய் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அது புரட்டாசி மாதம். புரட்டாசி சனிக்கிழமையில் எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. நான் அன்று காலையில் முதல் வேலையாகக் கடைக்குப் போய்க் கோழி ஈரல் வாங்கிவந்தேன். பெருமாளுக்குக் கோபம் வந்தால் வரட்டும், என்னைவிடவா அவருக்குக் கோபம் வந்துவிடும்? பால்கனியில் பழைய இண்டக்ஷன் அடுப்பை வைத்து, உப்பில்லாமல் வேகவைத்து, ஆறவைத்து ஊட்டினேன். பல நாளாக இட்லியைக்கூட வேண்டாம் என்று முகம் திருப்பியவள், இரண்டு துண்டு தின்றாள். விரலை நக்கினாள். வெந்நீரில் துணி நனைத்துக் கண்ணோரம் துடைத்து, வயிற்றுப் பக்கம் சிக்கு எடுத்துவிட்டு, அவளுக்குப் பிடித்த என் பழைய புடவையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பால்கனிக் கதவு வழியாக வெயில் வந்தது. இப்படியே முடிந்தால் நல்லது என்று நினைத்தேன்.

டாக்டரம்மா வரவில்லை. சொன்ன நேரம் தாண்டியது. டிராஃபிக்காக இருக்கும் என்று பொறுத்தேன். பிறகு போன் செய்தேன். பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. அவர் நாசிக் போகும் ரோட்டில் இருந்தார். "காகா நேற்று சாயங்காலமே போன் செய்து வேண்டாம் என்றாரே? நீங்கள் இரண்டு பேரும் மனசு மாறிவிட்டீர்கள் என்று நினைத்துச் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

திரும்பிப் பார்த்தேன். என் கணவர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

அன்று நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதினால் யாரும் அச்சில் போட மாட்டார்கள். கல்யாணம் ஆன நாள் முதல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. மடியில் அவள் இருந்ததால் சத்தம் போட முடியவில்லை. மெதுவான குரலில் திட்டினேன். மெதுவாகத் திட்டினால் இன்னும் ஆழமாக இறங்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் பேப்பரை மடித்தார். "திங்கக்கிழமை வேற டாக்டரைக் கூட்டியாறேன். ரெண்டு நாளு. ரெண்டே நாளுதான்" என்றார்.

"ரெண்டு நாளு மூச்சை அடக்கிட்டு நீங்க உக்காருங்க பாக்கலாம்" என்றேன்.

இரண்டு நாள் அவளுக்குக் கிடைக்கவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தது. திடீரென்று மடியிலிருந்து எழுந்து நிற்கப் பார்த்தாள். வாயைத் திறந்து காற்றைக் கடித்தாள். நாக்கு நீலம் பாரித்தது. மூக்கிலிருந்து இளஞ்சிவப்பாக நுரை வந்தது. டாக்டரம்மா சொன்ன மூழ்குவது இதுதான். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆக்ஸிஜன் வசதியுள்ள ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. என் கணவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்க் காரை எடுத்தார். நான் புடவையோடு அவளை அள்ளிக்கொண்டு இறங்கினேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

கோர்படிக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஆயுளில் பாதி அந்தக் கேட்டில்தான் போகிறது. ஒரு ரயில் போனது. திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்று வரும் என்று ஸ்கூட்டர்காரர்கள் எஞ்சினை அணைத்தார்கள். முன்னும் பின்னும் வண்டிகள், திருப்பக்கூட இடமில்லை. அவர் ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தார். யாருக்காக அடித்தார் என்று தெரியவில்லை. கேட்டுக்கா காது கேட்கும்? அவள் நகங்கள் என் முழங்கையில் இறங்கின. பல வருடமாக என் மேல் நகம் படாமல் ஏறப் பழகியவள், அன்று பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காமல் என்னைப் பற்றினாள். ஒன்றும் தெரியாமல் தூங்கிப்போக வேண்டியவள், எல்லாம் தெரிந்து, விழித்து, பயந்து செத்தாள். தாடையைத் தாங்கிக்கொண்டே இருந்தேன். உள்ளங்கையில் அந்தச் சின்னத் தலை கனத்தது. அதன்பிறகு சரக்கு வண்டி ஒன்று மெதுவாகப் போனது. கேட் திறந்தது.

சனிக்கிழமை. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிய அதே சனிக்கிழமைதான்.

ஊருக்கு வெளியே செல்லப் பிராணிகளை எரியூட்டும் இடம் ஒன்று இருக்கிறது. நேராக அங்கேயே போனோம். வழியில் ஓரிடத்தில் அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். தண்ணீர் வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். தேங்காயோடு வந்தார். குடுமி வைத்த முழுத் தேங்காய். அதைப் பார்த்ததும் எனக்கு உச்சிக்கு ஏறியது. அவள் உடம்பில் சூடு இன்னும் ஆறவில்லை, இவர் பரிகாரத்துக்குப் போய்விட்டார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய ஆயுதத்தை அன்று நான் எடுத்துக்கொண்டேன்.

எரியூட்டும் இடத்தில் இருந்த ஆள் அவளை மரியாதையாக வாங்கிக்கொண்டார். கூடவே என் கணவர் நீட்டிய தேங்காயைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நாரியல் நஹி சலேகா, அங்கிள். மெஷின் மே ஃபட்தா ஹை." சூட்டில் வெடித்துவிடுமாம், அனுமதி இல்லையாம். என் கணவர் விடவில்லை. ஹிந்தியில் கெஞ்சினார். ஓரமாகவாவது வையுங்கள் என்றார். அலுவலகத்தில் எந்த அதிகாரிக்கும் வளையாத மனிதர், ஒரு தேங்காய்க்காகக் கைகூப்பி நின்றார். அந்த ஆள் முடியாது என்று உள்ளே போய்விட்டார்.

"போதுமுங்க" என்றேன். "யாரை இழுத்துட்டுப் போயிருமின்னு இத்தனை பயம் உங்களுக்கு? உங்க உசுரு அத்தனை வெல்லமா?"

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"என்னையக் கூப்பிட்டா நான் போயிருவேன். அது என்னைய எதுக்குக் கூப்பிடுது? ராத்திரியும் பகலும் யாரு மடியில கெடந்துச்சு? உன்னையத்தான் கூப்பிடும். உன்னைய உட்டுப்போட்டு நான் இந்த ஊர்ல தனியா என்ன பண்றது?"

இதைக் கேட்டதும் என் மனம் இளகியது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். இளகவில்லை. இன்றுவரை இளகவில்லை. என் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று அவள் மூச்சைப் பணயம் வைத்திருக்கிறார். என்னை யார் கேட்டார்கள்? கேட்டிருந்தால், வருவது வரட்டும், அவள் தூங்கிப்போகட்டும் என்று சொல்லியிருப்பேன். என்மேல் இத்தனை பிரியம் இருக்கிறது என்று சொல்ல அவருக்கு முப்பத்தைந்து வருடமும் ஒரு நாயின் சாவும் தேவைப்பட்டன. அந்தப் பிரியத்தை நான் கேட்கவில்லை. அன்று காலையில் அந்த ஊசியைத்தான் கேட்டேன்.

தேங்காய் எங்களோடு திரும்பி வந்தது. அவர் அதை வீட்டுக்குள் கொண்டுவரப் பயந்து காரிலேயே விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய் எடுத்துவந்தேன். சமையல் மேடையில் வைத்து உடைத்தேன். துருவி, பச்சை மிளகாயும் இஞ்சியும் வைத்துச் சட்னி அரைத்தேன். எனக்குப் பதிலாகப் போக வேண்டிய தேங்காய். அருமையான தேங்காய், நல்ல பருப்பு.

இட்லித் தட்டை இறக்கித் திறந்தேன். ஒரு குழியில் குட்டி இட்லி. வெள்ளிக்கிழமையே உப்புப் போடாமல் எடுத்துவைத்த கிண்ணத்து மாவை, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஊற்றியிருக்கிறேன்.

பிறகு அதை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். பக்கத்தில் சட்னியும் வைத்தேன். சட்னியை அவர் தொடவில்லை. நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, என் இட்லிக்கு அதை நிறையப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

அவர் அந்தக் குட்டி இட்லியை வெறுமனே பிட்டுப் பிட்டு முழுவதும் தின்றார். உப்பில்லை என்று சொல்லவில்லை.